வடிகால் மட்டும் போதாது, பராமரிப்புக்கும் பணம் வேண்டும்
மழைநீர் வடிகாலுக்கு நகரங்கள் கூடுதலாகச் செலவிடுவதாக நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. சரி, நல்ல செய்திதான். சென்னையில் கொசஸ்தலையாற்று வடிநிலப் பகுதிக்கு மட்டும் ஆசிய வளர்ச்சி வங்கி 2021-இல் 25.1 கோடி டாலர் கடன் ஒதுக்கியது. ஆனால் வடிகால் எவ்வளவு அகலமாக இருந்தாலும், புயல் நேரத்தில் கடல் பொங்கி, ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் தண்ணீரை வாங்காவிட்டால் அது தெருவில்தான் நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை மக்கள் பட்ட பாடு தெரியும்தானே.

எங்கள் தெருவில் புது வடிகாலில் மண்ணைப் பிடித்து வைக்கும் வண்டல் தொட்டியைத் திறந்தால் பாதிக்கு மேல் மண்ணும் பிளாஸ்டிக் பையும். அப்புறம், யாரோ கழிவுநீர்க் குழாயையும் அதற்குள் செருகியிருக்கிறார்கள். தூர்வார ஆண்டுதோறும் தனி நிதி ஒதுக்குங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் மிச்சமிருப்பதில் இனி ஒரு சென்ட்கூடக் கட்டடத்துக்குப் போகக் கூடாது.