சூரியன் விலகிப் போவதால் குளிர் வராது

“ஜூலையில் பூமி சூரியனை விட்டு 66 சதவீதம் விலகும், ஆகஸ்ட் வரை கடுங்குளிர், சளி, காய்ச்சல் வரும்” என்று சென்னையின் தண்டையார்பேட்டை, காசிமேடு குரூப்புகளில் ஒரு வாட்ஸ்அப் ஃபார்வேர்டு சுற்றுகிறது. தவறு.

ஜனவரி தொடக்கத்தில் பூமிக்கும் சூரியனுக்கும் இடையே சுமார் 14.71 கோடி கிலோமீட்டர், ஜூலை தொடக்கத்தில் 15.21 கோடி. வித்தியாசம் 3 சதவீதத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஒவ்வொரு ஆண்டும் நடப்பது. கிடைக்கும் வெயில் சுமார் 7 சதவீதம் குறையும். ஆனால் பருவத்தைத் தீர்மானிப்பது தூரமல்ல, பூமியின் 23.4 டிகிரி சாய்வு. ஜூலையில் நம் வட அரைக்கோளம் சூரியன் பக்கம் சாய்ந்திருக்கிறது. அதே மாதம் ஆஸ்திரேலியாவில் குளிர்காலம்.

சூரியன் மிக அருகில் இருக்கும் மார்கழியில்தானே திருவொற்றியூரில் போர்வை தேடுகிறோம்! சென்னையில் ஆகஸ்ட் 18 வாக்கில் நண்பகலில் வெயிலில் ஒரு குச்சியை நேராக நட்டுப் பாருங்கள்; நிழல் ஏறக்குறைய மறைந்துவிடும். சூரியன் உச்சந்தலைக்கு மேல். ஆடி மாதச் சாயங்காலக் குளுமைக்குக் காரணம் இடிமழையும் கடற்காற்றும்.

தூரத்தை நாசா தளத்திலும், அன்றாட வெப்பநிலையைச் சென்னை வானிலை ஆய்வு மையத்தின் தளத்திலும் சரிபார்க்கலாம். இந்தச் செய்தி வந்தால் மேற்கொண்டு அனுப்ப வேண்டாம்.