தூணுக்குப் பின்னால் நிற்கும் ஆளை மறந்துவிட்டீர்கள்

பழைய பாட்டுப் படங்களில் பெண்ணை உற்றுப் பார்க்கிற கேமராவே கிடையாது, அதனால்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் அவற்றைப் பார்த்து உருகுகிறார்கள் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிகூடச் சரியில்லை. 1968இல் வந்த தில்லானா மோகனாம்பாளையே எடுங்கள், 'மறைந்திருந்தே பார்க்கும் மர்மம் என்ன' பாட்டு முழுக்கப் பார்வையைப் பற்றியதுதானே! சிவாஜி தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்க்கிறார், பத்மினி ஆடிக்கொண்டே அதைக் கண்டுபிடித்து, சபை நடுவிலேயே அவரைக் கேட்டுவிடுகிறார். பார்வை இருக்கிறது, ஆனால் பார்க்கப்படுகிறவள் திருப்பிப் பார்க்கிறாள், வித்தியாசம் அங்கேதான். அந்தப் பார்வை இந்தக் காலத்து ஐட்டம் பாட்டில்தான் என்பதற்கு, சினிமாவில் ஆணின் பார்வையைப் பற்றி எழுதிய ஆய்வாளர் லாரா மல்வியின் 1975 கட்டுரையை வேறு ஆதாரமாகக் காட்டியிருக்கிறீர்கள். அவர் பேசியதே பழைய ஹாலிவுட் படங்களைப் பற்றி, ஐட்டம் பாட்டு அதில் எங்கே வந்தது?

சரி, பெரியவர்களின் ஏக்கத்துக்கு வருவோம். மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டு டிவியில் இந்தப் பாட்டு வந்தால் பெரியம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கரண்டியோடு வந்து நிற்பார். கண் கலங்கும். ஆனால் வாயில் வருவது என்ன தெரியுமா, "இடுப்பைப் பாருடா, எலும்பே இல்லாத மாதிரி!" அப்பா பத்மினியைக் கவனிக்கவே மாட்டார், அரோரா தியேட்டரில் வரிசையில் நின்று தமிழ்ப் படம் பார்த்த கதையை ஆரம்பித்துவிடுவார், அப்படியே அந்தப் படத்துக்கு நாதஸ்வரம் வாசித்தது மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்கள் என்பதையும் (நூறாவது தடவையாக) சொல்லிவிட்டுத்தான் நிறுத்துவார்.