குப்பை அள்ளுவது மட்டும் அதன் வேலையல்ல
"நரம்பு செல் செத்த பிறகுதான் மைக்ரோக்ளியா குப்பை அள்ள வருகிறது" என்று கட்டுரையில் வரும் வரி, மறதி நோயான அல்சைமரின் தொடக்கக் கட்டத்துக்குப் பொருந்தாது. மைக்ரோக்ளியா என்பது மூளையின் நோயெதிர்ப்புச் செல். 2016-இல் வெளியான எலி ஆய்வில், அமிலாய்டு என்ற புரதக் கழிவு படிவு கட்டும் முன்பே சி1க்யூ என்ற புரதம் நரம்பு இணைப்புகளில் கூடியது, மைக்ரோக்ளியா அவற்றை விழுங்கியது. சி1க்யூவைத் தடுத்ததும் இழப்பு குறைந்தது. களையெடுக்க இறங்கியவர் வேர்பிடித்த நாற்றையும் பிடுங்கிப்போடுவது போலத்தான் இது. அந்தச் செல் மிகையாக இயங்குவதுதான் சிக்கல் என்றால் அதை அடக்க வீக்கம் குறைக்கும் மாத்திரை போதுமே என்று பின்னூட்டத்தில் கேட்ட கும்பகோணம் நண்பருக்கு: நாப்ராக்சென், செலிகாக்சிப் என்ற அத்தகைய மாத்திரைகள் இரண்டையும் முதியவர்களிடம் சோதித்தார்கள், நோயைத் தடுக்கவில்லை. மைக்ரோக்ளியா மந்தமானாலும் ஆபத்துதான். அதைச் செயல்படத் தூண்டும் ட்ரெம்2 மரபணுவில் பிழை உள்ளவர்களுக்கு நோய் வாய்ப்பு கூடுவது 2013-லேயே தெரிந்துவிட்டது. ஆஸ்ட்ரோசைட் என்ற இன்னொரு மூளைச் செல்லைக் கட்டுரை தொடவே இல்லை. ரத்தக்குழாயைச் சுற்றிய அதன் பாதங்களில் அக்வாபோரின்-4 என்ற நீர்வழிகள் உண்டு. அவை இடம் மாறினால் கழிவு வடிவது தடைபடும். ஆகாயத்தாமரை அடைத்த வடிவாய்க்காலால் சம்பா அழுகுவதைப் பார்த்த கடைமடைக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும்.