ஓகேவுக்கும் போர்ல செத்தவங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல சாமி

'ஓகே'ங்கற வார்த்தை எப்படி வந்துச்சுன்னு நேத்து நடந்த கூத்தைப் பத்தி இன்பாக்ஸ்ல கேக்கறவங்களுக்கெல்லாம் சேர்த்து இங்கயே எழுதிடறேன். ஸ்க்ரீன்ஷாட்லாம் போடல, பாத்தவங்க பாத்தாச்சு.

'ஓகே'ன்னா ஜீரோ கில்டாம் (0-வும் கில்டோட K-யும்), அமெரிக்க உள்நாட்டுப் போர்ல அன்னைக்கு யாரும் சாகலைன்னா அப்படி எழுதி வைப்பாங்களாம். அய்யா, அந்தப் போர் ஆரம்பிச்சதே 1861ல. 'ஓ.கே.' அச்சுல வந்தது 1839 மார்ச் 23, பாஸ்டன் மார்னிங் போஸ்ட் பேப்பர்ல. நான் சொன்னது இவ்ளோதான். இதுக்குத்தான் 'எல்லாம் தெரிஞ்ச ஏகாம்பரம்'னு பட்டம், அதுக்கு நாப்பது பேர் சிரிப்பு எமோஜி.

அந்தக் காலத்து பாஸ்டன் பத்திரிகைக்காரங்களுக்கு அது ஒரு விளையாட்டு, வேணும்னே ஸ்பெல்லிங்க தப்பா எழுதி முதலெழுத்த மட்டும் போடறது. 'ஆல் கரெக்ட்'ல ஏவுக்கு பதிலா ஓ, சிக்கு பதிலா கே, அவ்ளோதான் ஓகே. 'ஆல் ரைட்'டுக்குக்கூட 'oll wright'னு எழுதி ஓ.டபிள்யூ.ன்னு ஒண்ணு இருந்துச்சு, அது காணாமப் போச்சு. இது தப்பிச்சதுக்கு 1840 அமெரிக்க ஜனாதிபதி தேர்தல் ஒரு காரணம், அப்ப ஜனாதிபதியா இருந்து மறுபடி நின்ன மார்ட்டின் வான் பியூரனோட ஊர் கிண்டர்ஹூக், அவர 'ஓல்ட் கிண்டர்ஹூக்'னு சொல்லி ஆதரவாளருங்க ஓ.கே. கிளப்பே வச்சாங்க. மனுஷன் தோத்துட்டார், அது வேற கதை. ஆலன் வாக்கர் ரீட்னு ஒரு ஆய்வாளர் பழைய பேப்பரையெல்லாம் புரட்டி 1960கள்ல இதையெல்லாம் எழுதி வச்சிட்டார்.

"அச்சுக்கு முன்னாடியே பேச்சுல இருந்திருக்கலாமே"ன்னு ஒருத்தர். இருக்கட்டும், அப்பவும் 1861ல பொறந்ததா ஆயிடாதே! அமெரிக்காவோட சாக்டா பழங்குடி மொழியிலேர்ந்து வந்துச்சுன்னு சொல்றவங்கள நான் மதிக்கறேன், அமெரிக்க ஜனாதிபதியா இருந்த வுட்ரோ வில்சனே அத நம்பி 'okeh'ங்கற ஸ்பெல்லிங்லதான் எழுதினார். ஜீரோ கில்ட் கோஷ்டிக்கு அந்த மாதிரி ஒரு பிடிமானமாவது இருக்கா? தேதி இடிக்குதுப்பா, தேதி!

"சின்ன விஷயம், விடுங்களேன்"னு சொல்றவங்க கதையப் பரப்புறவர்கிட்ட போய் அதச் சொல்லவே மாட்டீங்க, கவனிச்சிருக்கேன். எங்க மாமாவுக்கு இதையே பொறுமையா நீளமா டைப் பண்ணி அனுப்பினேன். 'கே'ன்னு பதில் வந்துச்சு. ஓகேல பாதி! எழுத எடுத்துக்கிட்ட நேரத்துக்கு முழுசா ஒரு ஓகேகூட கெடையாது எனக்கு. சின்ன வயசுல 'எதையும் விசாரிச்சு நம்பு'ன்னு தலையில குட்டினவர் அவர்தான்.

கீழ வந்து 'ஓகே சார்'னு மட்டும் போட்டுட்டுப் போறவங்களுக்கு: அதுல சரிங்கறதும் இருக்கு, சுமார்ங்கறதும் இருக்கு, வாய மூடுங்கறதும் இருக்கு. நீங்க எதப் போடறீங்கன்னு எனக்கு நல்லாவே தெரியுது.