அந்த ஆய்வு சொன்னது இது இல்லை

"பள்ளியில் மொழிப்பாடத்தில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள்தான் பல்கலைக்கழகக் கணினிப் படிப்பில் தேறுவார்கள், கணக்கே தேவையில்லை, 2020-லேயே நிரூபித்துவிட்டார்கள்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அந்த ஆய்வில் இருந்தவர்கள் வெறும் 36 பேர், அவர்கள் படித்தது பட்டப்படிப்பு இல்லை, பைத்தான் என்ற நிரல்மொழியின் அடிப்படைப் பாடங்கள் பத்து. பள்ளி மதிப்பெண்ணையும் அதில் அளக்கவில்லை. மனிதர் பேசும் புது மொழி ஒன்றைக் கற்கும் திறனைத்தான் அளந்தார்கள், இரண்டும் ஒன்றல்ல. கற்கும் வேகம், நிரல் எழுதும் துல்லியம், பாட அறிவு என்று எல்லா அளவீடுகளையும் சேர்த்துப் பார்த்தால், ஆளுக்கு ஆள் இருந்த வேறுபாட்டில் மொழித்திறன் விளக்கியது 17 சதவீதம், எண் திறன் 2 சதவீதம். சரி, அதை மட்டும் பிடித்துக்கொண்டால் எப்படி? புதிய சிக்கலை யோசித்துத் தீர்க்கும் திறனும் செயல் நினைவாற்றலும் (தகவலை மனதில் வைத்துக்கொண்டே வேலை செய்யும் திறன்) சேர்ந்து 34 சதவீதம், அதாவது மொழியைப் போல இரண்டு மடங்கு, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

மொழி உதவாது என்று நான் சொல்லவில்லை. எண்களின் பட்டியலுக்குச் சராசரி காண நிரல் எழுதச் சொல்லும் கேள்வியில் "பட்டியல் காலியாகவும் இருக்கலாம்" என்று ஒரு வரி இருக்கும், அதை மேலோட்டமாகப் படித்துவிட்டு நேராகச் சராசரி கணக்கிடப் போகிறவரின் நிரல் பூஜ்ஜியத்தால் வகுக்கப் போய் அங்கேயே நின்றுவிடும். அது நிரல் தெரியாத குறை இல்லை, கவனித்துப் படிக்காத குறை, அதைப் பயிற்சியில் சரிசெய்யலாம். ஆனால் பல்கலைக்கழகத்தில் நிரல் எழுதுவது மட்டுமா பாடம்? தனிநிலைக் கணிதம், நிகழ்தகவு, அல்காரிதம் எல்லாம் வரும், அந்த ஆய்வு அதையெல்லாம் தொடவே இல்லை. இதை நம்பி யாரும் கணக்கை ஒதுக்கிவிடாதீர்கள், மொழிப்பாட மதிப்பெண் குறைந்த பிள்ளையைக் கணினிப் படிப்பு வேண்டாம் என்று தடுக்கவும் செய்யாதீர்கள்.