மரத்திடம் வாங்கிக் குடித்தவன்

யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மா போன வாரம் தொலைபேசியில் கேட்டார்: "உயிருள்ள மரத்தில் துளை போட்டுவிட்டு, அதன் முன்னாலேயே கும்பிட்டுக்கொண்டு நிற்கிறாயே, இது என்ன பக்தி தம்பி?" நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார். அவரிடம் கோபம் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குத்தான் பதில் வரவில்லை. ஒரு வாரமாக மனத்தில் கிடந்ததை இங்கே எழுதுகிறேன்.

கனடாவில், பீற்றர்பரோவுக்கு வடக்கே நண்பர் ஒருவருக்குச் சிறு காடு இருக்கிறது. அதில் ஐந்து சர்க்கரை மேப்பிள் மரங்களைச் சாறு எடுக்க எனக்கென்று விட்டிருக்கிறார். இது நான்காவது மார்ச். முழங்கால் அளவு பனிக்குள் கால் புதையப் புதைய நடந்து போக வேண்டும். இரவில் மைனஸ் 6 பாகை, பகலில் 5 பாகை என்று இருந்தால் அதுதான் நல்ல நாள்.

நெஞ்சளவு உயரத்தில், துளைப்பானைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்து, 8 மில்லிமீற்றர் அகலத்தில் நான்கு சென்ரிமீற்றர் ஆழம் போக வேண்டும். வெளியே வரும் மரத்தூளை உள்ளங்கையில் ஏந்திப் பார்ப்பேன். வெளிறிய பால் நிறமாக இருந்தால் அந்த இடத்தில் மரம் உயிரோட்டமாக இருக்கிறது. கபில நிறமென்றால் தவறான இடம். துளைப்பானை வெளியே இழுத்ததும் துளையின் கீழ் விளிம்பில் ஒரு துளி திரளும். சிறு குழாயைச் செருகி வாளியை மாட்டினால், வெறும் வாளியின் அடியில் அந்தத் துளி விழும் சத்தம் காடு முழுவதற்கும் கேட்பது போலிருக்கும். விரலில் ஏந்திக் குடித்தால் தண்ணீர்தான். பல் கூசும் குளிர். விழுங்கிய பிறகுதான் நாக்கின் ஓரத்தில் மெல்லிய இனிப்பு வந்து நிற்கும். நூற்றுக்கு இரண்டு பங்குதான் சர்க்கரை.

போன கோடையில் இலைகள் சமைத்த உணவை மாப்பொருளாக்கி மரம் தன் கட்டைக்குள் சேர்த்து வைத்திருந்தது. குளிர்காலத்தில் அதைச் சர்க்கரையாக மாற்றிக்கொண்டது. இரவு உறையும்போது கட்டைக்குள் இருக்கும் வாயு சுருங்கி வேரிலிருந்து நீரை மேலே இழுக்கிறது. பகலில் வெயில் பட்டு இளகும்போது அதே வாயு விரிந்து நீரைத் தள்ளுகிறது. எங்கள் வீட்டுக் கிணற்றடித் துலா போல, இரவு ஒரு பக்கம் தாழ்ந்து, பகல் மறுபக்கம் எழுகிறது. இறைப்பவர் யாரும் இல்லை. இலையே இல்லாத, செத்தது போல நிற்கும் மரத்துக்குள் இது நடக்கிறது. இதை முதலில் விளங்கிக்கொண்ட அன்று கைகூப்பியபடி நெடுநேரம் நின்றேன். பெரியம்மா பார்த்த படம் அன்றையதுதான்.

இருபது வருடம் நானும் இந்த நாட்டின் காடுகளைக் காரில் போய்ப் பார்த்தவன். ஒக்ரோபரில் இலை சிவக்கும், படம் எடுப்போம், கோப்பி குடித்துவிட்டுத் திரும்புவோம். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே நின்ற எந்த மரத்துக்கும் நான் கடன்பட்டிருக்கவில்லை. இயற்கையோடு ஒன்றுவது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி வேடிக்கை பார்ப்பதுதான் என்று இப்போது நினைக்கிறேன். கை நீட்டி ஒன்றை வாங்கிய பிறகுதான் எனக்கு மரத்தின் முகம் தெரிந்தது.

வாங்குவதற்கு அளவு இருக்கிறது. விட்டம் 25 சென்ரிமீற்றரை விட ஒடுங்கிய மரத்தைத் தொடக் கூடாது. அந்தப் பருமன் வரவே பொதுவாக நாற்பது வருடம் ஆகும். நடுத்தர மரத்துக்கு ஒரே ஒரு துளை. மொட்டு விரியத் தொடங்கியதும் சாறு கெட்ட வாடை அடிக்கும், அத்துடன் குழாயைக் கழற்றிவிட வேண்டும். போதும் என்று சொல்வது மரம், நான் இல்லை. மரத்துக்கு ஏற்படும் காயம் நம் தோலில் ஆறுவது போல ஆறுவதும் இல்லை. மரம் அந்த இடத்தை உள்ளுக்குள் அடைத்துவிட்டு, அதன் மேல் புதுக் கட்டையை வளர்த்துக்கொள்கிறது. உள்ளே கபில நிறக் கோடு ஒன்று மரம் இருக்கும் வரை இருக்கும். அதனால் அடுத்த வருடம் பழைய துளையிலிருந்து விலகித்தான் துளைக்க வேண்டும். பெரியம்மா, நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் கண்ட பதில் இதுதான்: காயப்படுத்தினேன், எங்கே என்று மறக்காமல் இருக்கிறேன்.

ஊரில் எங்கள் வளவுப் பனையில் பாளை சீவ வருபவர் ஏறுவதற்கு முன் மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். சுண்ணாம்பு பூசிய முட்டியில் கருப்பநீர், அதாவது பதநீர், இறங்கும். அம்மம்மா அதைக் காய்ச்சிப் பனையோலைக் குட்டானில் ஊற்றிப் பனங்கட்டி ஆக்குவார். இதை நான் அழகுபடுத்தி எழுத விரும்பவில்லை. பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவர்கள் உண்டு. அவர் இறக்கிய கருப்பநீரைக் குடித்த வீடுகள், எங்கள் வீடும்தான், அவரை முற்றத்தோடு நிறுத்தின. அந்த மரத்தை அறிந்திருந்தவர் அவர் ஒருவர்தான். குடித்த நாங்கள் யாரும் அறிந்திருக்கவில்லை.

இந்தக் காடும் சும்மா கிடந்த காடு இல்லை. 1818இல் ஒப்பந்தத்தின் மூலம் பிரிட்டிஷ் அரசின் கைக்குப் போன மிசிசாகா அனிஷினாபே என்னும் பூர்வகுடி மக்களின் நிலம் இது. அவர்கள் மேப்பிளை 'இனினாடிக்' என்கிறார்கள், மனித மரம் என்று பொருள். வசந்தம் தொடங்கும் மாதத்துக்கே சாறு காய்ச்சும் நிலவு என்று பெயர். பெரிய இரும்புச் சட்டியும் வாளியும் வருவதற்கு முன்பே பேர்ச் மரப்பட்டைக் கலங்களில் சாறு சேர்த்துச் சர்க்கரை ஆக்கியவர்கள். சாறு எடுக்குமுன் மரத்தடியில் புகையிலை வைத்து நன்றி சொல்வது அவர்கள் வழக்கம். இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டிய தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்த நாடு இது. ஊரை விட்டு வந்த எனக்கு அந்தச் செய்தியைச் சாதாரணமாகக் கடந்து போக முடியவில்லை. அவர்களுடைய சடங்கை நான் எடுத்துச் செய்வதில்லை, அது என்னுடையதன்று. முதல் கிண்ணச் சாற்றை மரத்தடியிலேயே ஊற்றிவிட்டுக் கைகூப்புவேன், அவ்வளவுதான்.

அவர்களிடம் ஒரு கதை உண்டு. ஆதியில் மரத்திலிருந்து கெட்டிப் பாணியே நேராக வடிந்ததாம். மக்கள் வேலையை விட்டுவிட்டு, மரத்தடியில் வாயைத் திறந்தபடி படுத்துக் கிடந்தார்களாம். அதைக் கண்ட நானபோசோ என்ற அவர்களுடைய கதைநாயகன் மரங்களுக்குள் தண்ணீரை ஊற்றி நீர்த்துப் போகச் செய்தானாம். அன்றிலிருந்து காய்ச்சினால்தான் இனிப்பு.

காய்ச்சிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை எளிதில் விளங்கும். 40 லீற்றர் சாறு வற்றி ஒரு லீற்றர் பாணி ஆகும். சீமெந்துக் கல் அடுக்கி, அகன்ற தட்டை வைத்து, விடியற்காலையில் தீ மூட்டினால் இரவு எட்டு மணி ஆகிவிடும். முகமெல்லாம் இனிப்பு ஆவி, உடுப்பெல்லாம் புகை. நுரை பொங்கினால் துளி வெண்ணெய் போடுவோம், அடங்கிவிடும். கடைசி அரை மணி நேரம் கண்ணை எடுக்கக் கூடாது. 104 பாகையைத் தொடும்போது அகப்பையிலிருந்து துளித்துளியாக விழாமல் திரை போல ஒன்றுசேர்ந்து வழியும். அப்போது இறக்க வேண்டும். போன வருடம் ஐந்து மரங்களிலுமாக 120 லீற்றர் எடுத்தோம், மூன்று லீற்றர் கிடைத்தது. அந்த மூன்று லீற்றரில் ஒரு துளியையும் என்னால் வீணாக்க முடியவில்லை. கடையில் வாங்கிய எதற்கும் இப்படி நான் மனம் வைத்ததில்லை.

இந்த மார்ச்சில் இரண்டாவது மரத்தடியில் நின்று பழைய துளைகளைத் தேடினேன். பட்டை மூடிவிட்டிருந்தது, எனக்குத் தெரியவில்லை. மகள் கையுறையைக் கழற்றிவிட்டு, அந்தக் குளிரில் வெறும் விரலால் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது. பொத்தான் அளவு சிறு தழும்பு. அதன் மேல் கையை வைத்து மூடிக்கொண்டு, "இங்கே வேண்டாம் அப்பா, ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்" என்றாள்.

தள்ளிப் போட்டேன். தூள் பால் நிறமாக வந்தது.