192-ஐக் கேட்கும் காதுகளுக்கு

ஞாயிற்றுக்கிழமை 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பையும் சாதாரணக் கோப்பையும் ஒலிக்கவிட்டு ஒப்பிட்ட இடத்தில் நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதியாகிவிட்டது. என் பங்கையும் எழுதிவிடுகிறேன். "192 கிலோஹெர்ட்ஸுக்கும் 44.1-க்கும் வித்தியாசம் தெரியாதவர் எதற்காக இசையைப் பற்றிப் பேச வேண்டும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

இந்த எண்கள் சாம்பிளிங் ரேட், அதாவது ஒலி அலையை நொடிக்கு எத்தனை ஆயிரம் புள்ளிகளில் அளந்து பதிகிறோம் என்பது. அதைக் கூட்டினால் ஒலி துல்லியமாகிவிடாது. பதிவாகும் அதிர்வெண்ணின் மேல் எல்லை உயரும், அவ்வளவுதான். சி.டி.யின் 44.1 கிலோஹெர்ட்ஸில் அதில் பாதி, 22.05 வரை பதியும். மனிதக் காது, அதுவும் இளம் காது, கேட்பது சுமார் 20 வரை. 192 என்றால் 96 வரை பதியும். வௌவால்கள் மகிழும்.

உடனே, அளந்த புள்ளிகளைப் படிபடியாக இணைத்து அலையை வரைந்த அந்தப் படிக்கட்டுப் படத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "பாருங்கள், இடையில் எவ்வளவு தகவல் போய்விட்டது!" ஒன்றும் போகவில்லை ஐயா. எல்லைக்குள் அடங்கிய அலையை அந்தப் புள்ளிகளிலிருந்தே முழுமையாக மீட்கலாம் என்று தகவல் கோட்பாட்டை உருவாக்கிய கிளாட் ஷானன் 1949-லேயே எழுதிவிட்டார். கருவியிலிருந்து வெளிவருவது வழவழப்பான அலை. படிக்கட்டு இருப்பது படத்தில்தான்.

"2016-இல் வந்த ஆய்வுத் தொகுப்பு வித்தியாசம் தெரியும் என்கிறதே?" படித்திருக்கிறேன். 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கேட்டு வித்தியாசம் கண்டுபிடித்த சரியான விடை சுமார் 52 சதவீதம். நாணயத்தைச் சுண்டிவிட்டாலே 50 கிடைக்கும். பயிற்சி பெற்றவர்களுக்குக் கூடுதல். சரி, இருக்கட்டும். ஒலிப்பதிவுக் கூடத்தில் 96 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங் ரேட் பயன்படுத்துகிறார்களே என்றால், அது ஒலியை இழுத்து வளைத்து வேலை செய்வதற்கு. வீட்டில் உட்கார்ந்து கேட்பதற்கு அல்ல.

மீண்டும் சொல்கிறேன்: எண் கூடினால் இசை கூடாது.

அன்று ஒலித்த கோப்பைக் கேட்டு வாங்கி, கணினியில் அதன் அலைமாலையை, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று நிறத்தில் காட்டும் படத்தை, திறந்து பார்த்தேன். 22-க்குக் கீழே மஞ்சளும் சிவப்புமாகக் கொதிக்கிறது. அதற்கு மேலே கத்தியால் அறுத்ததுபோல் நேர்கோடு, பிறகு உச்சி வரை வெறும் கறுப்பு. சாதாரண சி.டி. பதிவை 192-ஆக ஊதிப் பெருக்கியிருக்கிறார்கள்! போதாததற்கு, மற்றதைவிட ஒரு டெசிபெலுக்கு மேல் உரக்க வேறு. சற்றே உரக்க ஒலித்தால் நன்றாக ஒலிப்பதாகத்தான் காதுக்குப் படும். "பாடகியின் மூச்சுக்கூடக் கேட்கிறது" என்று கண்மூடி உருகியவர்கள் உருகியது அந்த ஒரு டெசிபெலுக்கு.

எனக்கு வயதாகிவிட்டது, 13 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. பரிசோதித்த தாளே இருக்கிறது, வேண்டுமானால் ஒட்டுகிறேன். ஆனால் வயலின் ஒரு இழை சுருதி இறங்கினாலும் எனக்குத் தெரியும். சுருதி இருப்பது 96-இல் இல்லையே! காது மந்தம் என்று சொல்லியிருந்தால் பேசாமல் போயிருப்பேன். இசையே தெரியாது என்கிறார். அவர் சொன்னதுகூடப் பரவாயில்லை. நாதஸ்வரத்துக்கு மைக்கை எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று என் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்ட ஒருவரும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டார். இதைப் படிப்பார், தெரியும். அலைமாலைப் படத்தை அவருக்குத் தனியாக அனுப்பினேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை.